எந்தச் சாம்பிராணிங்க?

திருப்பூரில் ஏதாவதொரு நாட்டு மருந்துக் கடை வாசலில் நின்று, "சாம்பிராணி நூறு கிராம் குடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் டப்பாவைத் தொடுவதற்கு முன்னால் திருப்பிக் கேட்பார்: "எந்தச் சாம்பிராணிங்க?"

நியாயமான கேள்விதான். அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும் ஒரு டப்பாவில், செம்பழுப்பு நிறத்தில், நடுநடுவே வெள்ளைப் பருப்பு பதித்த மிட்டாய்க் கட்டி போல ஒன்று இருக்கும். அது சுமத்ரா தீவின் ஸ்டைராக்ஸ் மரத்துப் பிசின். சாம்பிராணி என்ற பெயருக்கு முழு உரிமை அதற்குத்தான். பக்கத்து டப்பாவில் மங்கிய மஞ்சளில், மாவு தூவிய கற்கண்டு போல உதிரியாகக் கிடப்பது குந்திரிக்கம். தேவாலயங்களில் தூபக் கலசத்தில் எரிவது இந்த வகைப் பிசின். பறங்கிச் சாம்பிராணி என்றும் சொல்வார்கள். அதற்கும் அந்தப் பக்கம் குங்கிலியம். அந்த ஒரே பெயரில் வட இந்தியச் சால மரத்தின் பிசினும், மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளைக் குங்கிலியமும், தாரைப் போல மின்னும் கருங்குங்கிலியமும் விற்பனையாகின்றன. தாவரவியல் கணக்கில் கருங்குங்கிலியத்துக்கு நெருங்கிய உறவு மற்றக் குங்கிலியங்கள் கிடையாது, குந்திரிக்கம்தான். பெயரை நம்பி உறவு சொன்னால் மாட்டிக்கொள்வோம்.

கீழ்த்தட்டில் 'கம்ப்யூட்டர் சாம்பிராணி' இருக்கும். கரித்தூளும் மரத்தூளும் வாசனை எண்ணெயும் பிசைந்து அச்சில் வார்த்தது. அதில் கம்ப்யூட்டர் நிச்சயமாக இல்லை. சாம்பிராணியும் பெரும்பாலும் இருக்காது.

மந்தமான ஆளை "போடா சாம்பிராணி" என்று திட்டுகிறோமே, அது ஏன் என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு. மல்லிகையைப் போலவோ எலுமிச்சைத் தோலைப் போலவோ பிசின் உடனே பதில் சொல்லாது. அது பேச நேரம் ஆகும். இந்த அத்தியாயம் அந்த மந்தத்தைப் பற்றியது. பிசின் மணத்தை உடம்பிலும் துணியிலும் அணிகிறவர்கள், அதை விலை கொடுத்து வாங்குகிறவர்கள் பெரும்பாலும் தவறு செய்யும் இடம் அதுதான். பாட்டிலைத் திறந்த அரை நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்.

மரத்தின் புண்

பிசின் என்பது மரத்தின் ரத்தக்கட்டு மாதிரி. பட்டையில் காயம் பட்டால், பூச்சியும் பூஞ்சையும் உள்ளே நுழையாமல் அடைக்க மரம் ஒரு குழம்பை வடிக்கிறது. அந்தக் குழம்பில் எளிதில் ஆவியாகும் சிறு மூலக்கூறுகளும், எளிதில் ஆவியாகாத பெரிய அமிலங்களும் கலந்திருக்கும். சிறியவை கரைப்பான் வேலையைச் செய்து குழம்பை ஓட வைக்கின்றன. காற்றுப் பட்டு அவை பறந்துபோகப் போக, மிச்சம் இறுகிக் கண்ணாடியாகிறது. இறுகும்போது ஆவியாகும் சரக்கில் ஒரு பங்கு உள்ளேயே சிறைப்பட்டுவிடும். நாம் காசு கொடுத்து வாங்குவது அந்தக் கைதிகளைத்தான்.

குந்திரிக்கத்தின் எடையில் ஆவியாகும் எண்ணெய் சுமார் 5 முதல் 9 சதவீதம். சாராயத்தில் கரையும் பிசின் பெரும்பங்கு. மீதி, தண்ணீரில் கரையும் கோந்து. இதை வீட்டிலேயே சோதிக்கலாம். குந்திரிக்கத் துண்டை ஈரக் கல்லில் உரசினால் பால் மாதிரி வெளுத்து வரும். கோந்து எண்ணெயைத் தண்ணீரோடு கலக்கும் வேலை அது. சுமத்ரா சாம்பிராணியில் கோந்து கிடையாது. எவ்வளவு உரசினாலும் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். சாராயத்தில் மட்டும் கரையும். ஆஸ்பத்திரியில் பிளாஸ்திரி நன்றாக ஒட்டத் தோலில் தடவுகிறார்களே, பழுப்பாக, இனிப்பு வாடையோடு, டிங்சர் பென்சாயின்? அது சாராயத்தில் ஊறிய சாம்பிராணிதான். நோயாளியாகப் படுத்திருந்த எத்தனையோ பேர் தங்களை அறியாமல் ஒரு வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு வீடு திரும்பியிருக்கிறார்கள்.

பெரிய புராணத்தில் குங்கிலியக் கலய நாயனார் என்று ஒருவர் வருகிறார். திருக்கடவூர்க்காரர். வீட்டில் பட்டினி. நெல் வாங்கி வரச் சொல்லி மனைவி கழற்றிக் கொடுத்த தாலியை வழியில் ஒரு பொதிக் குங்கிலியத்துக்கு மாற்றிவிட்டு, நேரே கோயிலுக்குப் போய்விட்டார். பக்தியின் கதையாகச் சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் சொன்னது இது. அதையே சந்தை விலைக் குறிப்பாகவும் படிக்கலாம் என்று எனக்குத் தோன்றும். ஒரு மூட்டைப் பிசினும் ஒரு தாலிப் பொன்னும் எதிரெதிர்த் தட்டில் நிற்கக்கூடிய ஊர் அது.

அந்தச் சரக்கைத் தேடிக் கடல் தாண்டிய தமிழர்களும் உண்டு. சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் என்ற பழைய துறைமுகம், கற்பூரத்துக்கும் சாம்பிராணிக்கும் பேர் போனது. அதன் அருகே லோபு துவா என்னும் இடத்தில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. வைத்தவர்கள் ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர். கப்பல்காரர்கள் பொன்னாகச் செலுத்த வேண்டிய கட்டணத்தைக் கஸ்தூரி விலையோடு பொருத்தி அதில் சொல்லியிருக்கிறார்கள். வாசனைப் பொருளே அவர்களுக்கு அளவுகோல்.

இங்கிருந்து திருப்பூர்ச் சாயப்பட்டறைக்கு ஒரு நேர்க்கோடு போகிறது. அரேபியர்கள் சாம்பிராணியை 'லுபான் ஜாவி', அதாவது ஜாவா நாட்டுக் குந்திரிக்கம் என்றார்கள். ஐரோப்பியர் வாயில் 'லு' உதிர்ந்து அது பென்ஜாவி, பென்சாயின் என்று தேய்ந்தது. சாம்பிராணியை மூடிய சட்டியில் சூடாக்கினால் மூடியில் வெள்ளைப் பூ படியும். சித்த மருத்துவர்கள் இந்த முறைக்குப் பதங்கம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பூதான் பென்சாயிக் அமிலம். 1833இல் மிட்சர்லிக் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் அந்த அமிலத்தைச் சுண்ணாம்போடு சூடாக்கி ஒரு திரவத்தை வடித்து, பென்சின் என்று பெயரிட்டார். ஃபாரடே 1825இலேயே வேறு வழியில் கண்டுபிடித்திருந்த அதே பொருள். இன்று பென்சீன். நம் டி-சர்ட்டுகளுக்குச் சிவப்பும் நீலமும் ஏற்றும் சாயங்களின் உடம்பெல்லாம் பென்சீன் வளையங்கள். நொய்யல் கரையில் ஒவ்வொரு சாய டிரம்மின் வேதிப் பெயருக்குள்ளும் சுமத்ராக் காட்டு மரம் ஒன்று ஒளிந்திருக்கிறது.

புகை வேறு, எண்ணெய் வேறு

"சாம்பிராணி வாசம் வர்ற மாதிரி ஒரு அத்தர் குடுங்க" என்று கேட்டு வாங்கிப் போய், "இது அந்த வாசமே இல்லை" என்று திருப்பிக் கொண்டு வருகிறவர்கள் உண்டு. கடைக்காரர் ஏமாற்றினார் என்று சொல்ல முடியாது. நாம் சிறு வயதிலிருந்து அறிந்த சாம்பிராணி வாசம், புகையின் வாசம். பாட்டிலுக்குள் இருப்பது எரியாத பிசினின் வாசம். இரண்டும் ஒரே மரத்தில் பிறந்தாலும் ஒரே பொருள் இல்லை.

தணலில் போட்டதும் முதலில் எளிதில் ஆவியாகும் எண்ணெய்கள் கிளம்பும். அந்த முதல் சில நொடிகளில் எலுமிச்சையும் தேவதாருவும் கலந்தாற்போல ஒரு தெளிவான மணம் எழும். பிறகு பிசின் உருகிக் கொதித்து, ஆவியாகாத பெரிய மூலக்கூறுகள் சூட்டில் உடைய ஆரம்பிக்கின்றன. அதிலிருந்து பிறக்கும் புதிய சரக்குகளில் குவாயகால் போன்ற பீனால்களும் உண்டு. புகைநெடி என்று நாம் சொல்வது அவற்றைத்தான். அகில் கட்டை இன்னும் வேடிக்கையானது. அதன் பிசினில் உள்ள குரோமோன்கள் குளிர்ந்த நிலையில் கிட்டத்தட்ட ஊமை. சூடு பட்டு உடைந்தால்தான் வாய் திறக்கும். சங்க காலத்துப் பெண்கள் கூந்தலுக்கு அகில் புகையூட்டியது வெறும் அலங்காரப் பேச்சாகத் தெரியவில்லை. அந்தக் கட்டையிலிருந்து முழு மணத்தையும் வாங்க நெருப்பைத் தவிர வழியில்லை.

தணல் செக்கச் சிவந்திருந்தால் பிசின் கருகி நெடிதான் மிஞ்சும். நீறு பூத்த தணலே சரி. மேலே படிந்த சாம்பல் சூட்டை மட்டுப்படுத்தும். புகை குறைந்து மணம் கூடும். பாட்டிமார்கள் தூபக்காலில் தணலை அள்ளி வைத்துக் கொஞ்சம் காத்திருப்பார்களே, அந்தக் காத்திருப்பில் வெப்பவியல் இருக்கிறது.

எண்ணெய்க் குளியலுக்குப் பின் ஈரத் தலைக்குப் புகை காட்டுவதும், வளைகுடா நாடுகளில் தூபக்கால் மேல் உடுப்பை விரித்துப் பிடிப்பதும் ஒரே உத்தி. புகை என்பது கண்ணுக்குத் தெரியாத பிசின் துளிகளின் கூட்டம். முடியிலும் நூலிலும் ஒட்டிக்கொண்டு மெல்ல மெல்ல ஆவியாகும். ஆனால் அதே துளிகள் நுரையீரலிலும் ஒட்டும். ஒரு கிராம் ஊதுவத்தி எரிந்தால் 45 மில்லிகிராமுக்கு மேல் நுண்துகள் கிளம்புகிறது. சிகரெட்டில் அது கிராமுக்கு 10 மில்லிகிராம் அளவுதான். பச்சைக் குழந்தையைப் புகைக்கு மேல் காட்டும் பழக்கத்தை விட்டுவிடலாம். துணியைக் காட்டி, புகை அடங்கிய பிறகு அதை உடுத்தினால் மணம் எங்கும் போய்விடாது.

அணிவது எங்கே

காதர்பேட்டைப் பக்கம் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போகும் பெரியவர்கள் சிலரின் காது மடிப்பில் ஒரு சின்னப் பஞ்சு இருக்கும். அத்தரில் தோய்த்தது. இதைவிடச் சிறந்த மணக் கருவியை எந்த ஆய்வகமும் செய்துவிடவில்லை என்பேன். காதுக்குப் பின்புறத்து உடல் சூடு அடுப்பு. பஞ்சு சேமிப்புக் கிடங்கு. தோலில் தேய்த்தால் கொஞ்சம் தோலுக்குள் இறங்கும், கொஞ்சம் வியர்வையில் கரையும். பஞ்சிலிருந்து வரும் ஆவியோ சீராகக் கசியும். வேண்டாம் என்றால் எடுத்து எறிந்துவிடலாம்.

எந்த மூலக்கூறு எப்போது கிளம்பும் என்பதை அதன் எடை தீர்மானிக்கிறது என்று வாசனைப் புத்தகங்கள் சொல்லும். பாதி உண்மை. ஓமான் நாட்டுக் குந்திரிக்க எண்ணெயில் மிகுந்திருக்கும் ஆல்ஃபா பைனீனின் மூலக்கூறு எடை 136. சாம்பிராணியில் சிறிதளவு இருக்கும் வெனிலினின் எடை 152. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் பைனீன் 156 டிகிரியில் கொதிக்கும், வெனிலினுக்கு 285 டிகிரி வேண்டும். வெனிலினில் ஹைட்ராக்சில் என்னும் கொக்கி இருக்கிறது. அது பக்கத்து மூலக்கூறைப் பிடித்துக்கொண்டு விட மறுக்கும். பைனீனுக்குக் கொக்கியே கிடையாது. அதனால் பைனீன் சீக்கிரம் பறந்துபோகும், வெனிலின் மறுநாளும் உட்கார்ந்திருக்கும்.

இனி நம் ஊர்ச் சரக்குக்கு வருவோம். பருத்தி என்பது செல்லுலோஸ். உடம்பு முழுக்க அதே ஹைட்ராக்சில் கொக்கிகள். தண்ணீரை இழுப்பது அதனால்தான். வெனிலின் போன்ற கொக்கியுள்ள மணங்களை அது பிடித்துவைக்கும், பைனீனைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. பாலியெஸ்டர் நேர்மாறு. அதற்குத் தண்ணீர் ஆகாது, எண்ணெய் என்றால் உறவு. ஆகவே ஒரே அத்தரை காம்டு பருத்திப் பனியனிலும் விளையாட்டுக்காரர்கள் போடும் பாலியெஸ்டர் ஜெர்சியிலும் வைத்தால் இரண்டிலும் ஒரே வாசம் நிற்காது. பருத்தியில் இனிப்பு ஓங்கும். பாலியெஸ்டரில் மர எண்ணெய் வாடை நீளும்.

பாலியெஸ்டருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 26 பேரைச் சட்டை போட்டுச் சைக்கிள் மிதிக்க வைத்து, பிறகு சட்டைகளை முகர்ந்து பார்த்து 2014இல் எழுதினார்கள். பாலியெஸ்டர் சட்டைகள் பருத்தியைவிட மோசமாக நாறின. மைக்ரோகாக்கஸ் என்ற கிருமி பாலியெஸ்டரில் நன்றாகப் பெருகியது. பருத்தியில் அப்படி இல்லை. வியர்வை எண்ணெயையும் இறுகப் பிடித்துக்கொள்ளும் துணி மேல் குந்திரிக்கத்தைத் தெளித்தால், கோயிலுக்குள் யாரோ ஜிம்மிலிருந்து நேராக வந்து நிற்பது போல இருக்கும்.

வெயிலும் கணக்கில் வரும். இந்த வகை மூலக்கூறுகளுக்கு வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆவியழுத்தம் சுமார் இரண்டு மடங்காகும். ஏசி அறையில் அடக்கமாக இருந்த அதே துளி, ஸ்டீம் அயர்ன் ஓடும் ஹாலுக்குள் போனதும் கூச்சல் போடும். பங்குனி, சித்திரையில் பிசின் அத்தரை வழக்கத்தில் பாதி வைத்தால் போதும். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிவைத்த அளவு நமக்கு ஆகாது.

வெள்ளை பனியனின் விரோதி

பேக்கிங் செக்‌ஷனில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு பழைய தலைவலி தெரிந்திருக்கும். பளீரென்ற வெள்ளைப் பனியனை மடித்து, பாலித்தீன் உறையில் போட்டு, அட்டைப்பெட்டியில் அடைத்து அனுப்புவார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் பிரித்தால் மடிப்போரங்களில் மஞ்சள் பூத்திருக்கும். அனுப்பும்போது செக்கிங்கில் யார் கண்ணிலும் படாத மஞ்சள். தொழிலில் இதற்கு ஃபீனாலிக் யெல்லோயிங் என்று பெயர்.

முதல் குற்றவாளி பாலித்தீன் கெடாமலிருக்கச் சேர்க்கும் பிஹெச்டி (BHT) என்ற பீனால். அது உறையிலிருந்து மெல்லக் கசிந்து துணிக்குப் போகிறது. வண்டிப் புகையிலும் எரிவாயு பர்னரிலும் பிறக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகள் அதைத் தொட்டால் மஞ்சள் நிறப் பொருளாக மாறும். துணியில் காரத்தன்மை மிஞ்சியிருந்தால் மஞ்சள் பளிச்சென்று தெரியும். அதனால்தான் கடைசி அலசலில் லேசாக அமிலம் விட்டு முடிப்பது. இரண்டாவது குற்றவாளியின் பெயரைப் படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். அட்டைப்பெட்டியின் மரக்கூழிலுள்ள லிக்னின் உடைந்து வெளிவரும் வெனிலின்!

எந்த மூலக்கூறு சாம்பிராணி அத்தருக்கு இனிப்பைத் தருகிறதோ, அதையே பேக்கிங் ஆட்கள் பெட்டிக்குள் வரவிடாமல் விரட்டுகிறார்கள். இதற்கென்றே ஐ.எஸ்.ஓ. 105-எக்ஸ்18 என்று ஒரு சோதனை உண்டு. துணியைப் பீனால் ஊட்டிய தாளுக்கு நடுவே வைத்து, 50 டிகிரியில் 16 மணி நேரம் அடைத்து, மஞ்சள் ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். சாம்பிராணி அத்தரை வெள்ளைப் பனியனின் நெஞ்சில் வைத்து ஒருநாள் முழுக்க பஸ் ஸ்டாண்ட் புகையில் திரிகிறவர் காசில்லாமல் அதே சோதனையைச் செய்துகொண்டிருக்கிறார்.

வெனிலின் மிகுந்த திரவியங்கள் பாட்டிலுக்குள்ளேயே நாளாக ஆகப் பழுப்பேறும். பழுப்பு நிறத்தைப் பார்த்துக் கெட்டுவிட்டது என்று கொட்ட வேண்டாம். வெள்ளைத் துணிப் பக்கம் கொண்டுபோகாமல் இருந்தால் போதும். கழுத்தெலும்புக் குழி, காதுப் பஞ்சு, கறுப்புப் பனியனின் உள் தையல் எல்லாம் நல்ல இடங்கள். மணிக்கட்டு வேண்டாம். நாள் முழுக்கத் துணியைத் தொடுகிற கை என்றால், செக்கிங் டேபிளுக்கு வரும் ஒவ்வொரு பீஸுக்கும் உங்கள் வாசம் போய்ச் சேரும்.

அது சின்ன விஷயமில்லை. ஓகோ-டெக்ஸ் 100 சான்றிதழுக்கான சோதனைகளில் நாற்றச் சோதனையும் ஒன்று. துணியை மூடிய கலத்தில் வைத்திருந்து, பிறகு சிலர் தனித்தனியே முகர்ந்து 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள். 1 என்றால் வாசமே இல்லை, 5 என்றால் தாங்க முடியாதது, 3க்கு மேல் போனால் சரக்கு தேறாது. இத்தனை கருவிகள் வந்த பிறகும் இந்த வேலை மனித மூக்கிடமே இருக்கிறது.

மூக்குக்கு ஒரு செக்கிங் டேபிள்

செக்கிங்கில் இருக்கும் அக்காமார்களைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரு பீஸை எடுத்தவுடன் நல்லது கெட்டது சொல்ல மாட்டார்கள். திருப்பிப் பார்ப்பார்கள், இழுத்துப் பார்ப்பார்கள், வெளிச்சத்தில் பிடிப்பார்கள். ஆயில் கறையா, ஊசி ஓட்டையா, ஷேடு மாற்றமா என்று குறைக்குப் பெயர் சொல்லித்தான் ஒதுக்குவார்கள். "நல்லா இல்லை" என்ற சொல்லுக்கு அந்த மேசையில் மதிப்பு கிடையாது. மணத்தை மதிப்பிடவும் அந்த ஒழுங்கு போதும்.

வாசனைக்காரர்கள் தாள் சீட்டில் முகர்ந்து பார்ப்பார்கள். நமக்கு அந்தச் செலவும் வேண்டாம், கட்டிங் வேஸ்ட் இருக்கிறதே. வெளுத்த பருத்தி, வெளுக்காத கிரே துணி, பாலியெஸ்டர், இரண்டும் கலந்த பாலிகாட்டன் என நான்கு நாடாக்கள். முதலில் எதையும் வைக்காமல் வெறும் துணியை முகருங்கள். அசிட்டிக் ஆசிட்டின் புளிப்போ, சாஃப்ட்னர் வழவழப்போ, நிட்டிங் ஆயிலோ தெரிந்தால் அந்தத் துண்டைத் துவைத்துக் காயவைக்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றிலும் ஒரே அளவு துளி. ஒரு நிமிடம் கழித்து, அரை மணி கழித்து, நாலு மணி கழித்து, மறுநாள் காலை என்று நான்கு தடவை. ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று சொற்கள் எழுதிவைத்தால் போதும்.

முதல் நிமிடத்தை நான் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை. அங்கே பேசுவது பைனீனும் சாராயமும். விலை மலிவான சரக்குகூட முதல் நிமிடத்தில் நன்றாகத்தான் பாடும். அரை மணிக்குப் பிறகு குந்திரிக்கத்தில் மிளகு தெரிகிறதா பாருங்கள். அது உங்கள் கற்பனை இல்லை. மிளகுக்கு அந்தக் காரமணத்தைத் தரும் ரொட்டண்டோன் என்ற பொருளை 2016இல் குந்திரிக்க எண்ணெயிலும் கண்டுபிடித்தார்கள். அதே ஆண்டு பிரெஞ்சு வேதியியலாளர் நிக்கோலா பால்டோவினியின் குழு, பழைய தேவாலயத்துக்குள் நுழைந்தாற்போன்ற அந்த அடிமணத்துக்குக் காரணமான இரண்டு அமிலங்களைப் பிரித்தெடுத்து ஒலிபானிக் அமிலங்கள் என்று பெயரிட்டது. எண்ணெயில் அவை இருப்பது மிகச் சிறு அளவு. நூற்றாண்டுகளாக மூக்கு அறிந்ததை இயந்திரம் பிடிக்க அவ்வளவு காலம் ஆயிற்று. நாலு மணிக்குப் பிறகும் நாடாவில் அந்தப் பழைய மர மணம் இருந்தால், உள்ளே உண்மையான பிசின் இருக்கிறது என்று நம்பலாம். வெறும் பாயச இனிப்பு மட்டும் மிஞ்சினால், அது தொழிற்சாலை வெனிலின் தனியாக உட்கார்ந்திருக்கும் சத்தம்.

பெயர் சொல்வதற்கு ஆங்கிலம் தேவைப்படாது. மணம், வாசம், நெடி, வீச்சம், கமறல், காரல், முடை என்று தமிழில் மூக்குச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. கருகிய சாம்பிராணிக்குக் கமறல் பொருந்தும். பழையதாகிப் போன எண்ணெயின் அடிவாடைக்குக் காரல். தைலப் பாட்டில்காரர் கேட்டால் எந்தச் சொல்லை எழுதினோம் என்று காட்டலாம்.

மூக்கு சீக்கிரம் களைத்துப்போகும் உறுப்பு. ஒரே வாசத்தில் சில நிமிடம் இருந்தால் அதைப் பதிவுசெய்வதை நிறுத்திவிடும். சாயப்பட்டறையில் வேலை செய்கிறவருக்கு அந்த நெடி தெரியாது. புதிதாக உள்ளே போகிறவருக்குக் கண்ணே எரியும். நாலு அத்தர் முகர்ந்த பிறகு மூக்கைத் தேற்ற, பெரிய கடைகளில் காபிக் கொட்டைக் கிண்ணம் நீட்டுகிறார்கள். 2011இல் இதைச் சோதித்தபோது காபிக் கொட்டை வெறும் காற்றைவிட எந்த விதத்திலும் மேலாக இல்லை. வாசலுக்கு வந்து நின்றுவிட்டு, சட்டைக் கையின் உள்பக்கத்தை முகர்ந்தால் போதும். அதன் வாசத்துக்கு உங்கள் மூக்கு எப்போதோ பழகிவிட்டது.

அப்படியும் இரண்டு பேர் ஒத்துப்போகாமல் போகலாம். ரொட்டண்டோனை ஐந்தில் ஒருவரால் மோந்தே பார்க்க முடியாது. புருஷனுக்கு மிளகாக இருப்பது பெண்சாதிக்கு வெறும் காற்று. யார் சரி என்று பேசுவதில் அர்த்தமில்லை. செக்கிங்கில் சந்தேகமான பீஸை இன்னொரு கை வாங்கிப் பார்ப்பது போல, நாடாவை இன்னொருவரிடம் நீட்டிவிட வேண்டியதுதான். வீட்டில் நான் அப்படித்தான் செய்கிறேன். எனக்கு அடிமர வாசம் வந்த நாடாவில் வீட்டுக்காரிக்குக் கஷாய வாடை வந்தது. இருவரும் அவரவர் சொல்லை எழுதிவைத்தோம்.

மறுநாள் காலை நாடாக்களை ஜன்னலோரம் வரிசையாக வைத்துப் பார்த்தேன். பாலியெஸ்டரில் குந்திரிக்கம் இன்னும் லேசாகக் கிடந்தது. கிரே துணியில் பருத்தியின் சொந்த வாசமும் பிசினும் கலந்து, பழைய பீரோவைத் திறந்தது போல இருந்தது. அந்த நான்கில் எனக்குப் பிடித்தது அதுதான். எந்தப் பாட்டிலிலும் கிடைக்காத மணம். வெளுத்த பருத்தியில் துளி விழுந்த இடத்தைச் சுற்றி விளிம்பில் மெல்லிய மஞ்சள் வளையம். ஒரு சொட்டு வினிகர் தொட்டு வைத்தேன். பீனால் மஞ்சளாக இருந்தால் அமிலம் பட்டதும் வெளுத்துவிடும், பிசினின் சொந்தப் பழுப்பாக இருந்தால் அசையாது. பாதி வெளுத்தது. மீதிப் பாதி இன்னும் அந்த நாடாவில் இருக்கிறது.